இளையவளின் கட்டைவிரல்

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் மாடியில், இளையவள் கீழே. ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் என்றைக்காவது பாத்திரம் உருளும் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. இருபத்தோரு வருடம் காத்திருந்து ஏமாந்தும் போனது. அதற்காக இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. மூத்தவள் அதிகம் பேசமாட்டாள். இளையவள் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்கமாட்டாள். அவரவர் பாட்டுக்கு அவரவர் போனதால் உரசல் இல்லை, அவ்வளவுதான்.

இளையவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதைப் பார்த்து மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். பத்தொன்பது வருடம் அதே வேலை. அந்த ஊரில் அறுபது வயசைத் தாண்டியவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு இவள் கைவண்ணம்தான். எதிரில் வருபவர் யாரென்று தெரியாமல் பல்லை மட்டும் பார்த்து, "இது நம்ம மாடல் ஆச்சே" என்று நின்றுவிடுவாள்.

அந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம். மேடும் கூடாது, பள்ளமும் கூடாது. கடுகளவு மேடு இருந்தால் போதும், ஈறு புண்ணாகிவிடும், மறுநாளே டாக்டர் போனில் கத்துவார். கண் ஏமாற்றிவிடும் என்பதால் கட்டைவிரலால் தடவித்தான் பார்ப்பாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் மேஜை ஓரத்தைத் தடவுவாள். கணவன் வேலைக்குக் கிளம்பினால் சட்டைக் காலரைத் தடவுவாள். அவன் வயரிங் வேலை பார்ப்பவன், பொறுமைசாலி. அவனே ஒருநாள், "விடும்மா, நான் என்ன பல்லா?" என்று கேட்டுவிட்டான்.

கூடத்து முதலாளி ஒருநாள் கடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். இளையவள் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கை பரபரத்தது. அவளுக்கு வெகு காலமாக மண் மேல் ஒரு ஆசை. கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட மிச்சமிருக்கும் அச்சுக் கலவையில் சின்னச் சின்னக் கிண்ணமாகச் செய்து ஜன்னலில் அடுக்குவாள். வீட்டின் தெருப்பக்கத்து அறையை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள், அது அப்போதுதான் காலியாகியிருந்தது. லேமினேஷன் விலைப்பட்டியல் ஒட்டியிருந்த சுவரை வெள்ளையடித்து, நீள மேஜை இரண்டு போட்டு, கணவனை நச்சரித்து மின்சாரச் சூளைக்குத் தனி லைன் இழுக்கவைத்தாள். வாசலில் ஒரு பலகை மாட்டினாள். 'ஞாயிற்றுக்கிழமை மண் வேலை வகுப்பு. யாரும் வரலாம்.'

யாரும் வரலாம் என்று எழுதினாளே தவிர, அவள் மனதில் ஒரே ஒரு ஆள்தான். மூத்தவள்.

மூத்தவளுக்கு ஒரே மகன். இளையவளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அவனுக்கு மாடியில் ஒரு அம்மா, கீழே ஒரு சித்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் பை விழுவது சித்தி வீட்டில்தான். இருபத்துநாலு வயதில், பதினோரு நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதைப் பற்றி என்ன சொல்ல. சொல்லி என்ன ஆகப்போகிறது.

அவன் போன நாலாம் நாள் மூத்தவள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளில் இளையவள் மாடிக்குப் போய் அவன் அறையை ஒழித்தாள். கட்டில், துணிமணி, செருப்பு, பல்துலக்கும் பிரஷ், அவன் டீ குடிக்கும் கப் வரைக்கும். வந்து பார்த்தால் அக்கா தாங்கமாட்டாள் என்ற நினைப்புதான், வேறொன்றும் இல்லை. மூத்தவள் வந்தாள். வெறும் அறையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லவேளை, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று இளையவள் மூச்சு விட்டாள். அடப்பாவமே, ஒருத்தி பேசாமல் இருந்தால் அது சம்மதமா? கேட்டுத் தொலைத்திருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூத்தவள் மாடியைவிட்டு இறங்கவே இல்லை. அவள் கணவர் சரக்கு லாரி ஓட்டுபவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். வந்தாலும் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வருடம் இப்படியே போனது. இளையவள் தினம் ஒருதரம் படியேறுவாள், ஏதாவது பேசுவாள், இறங்குவாள். இப்படியே விட்டால் ஆளே இல்லாமல் போய்விடுவாள் என்ற பயம் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. மண்ணைத் தொட்டால் மனசு கொஞ்சம் இளகும், அது அவளுக்குத் தன் கையாலேயே தெரியும். அதற்காகத்தான் பலகை, மேஜை, சூளை எல்லாம்.

வகுப்புக்கு ஏழு பேர் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு டீச்சர், தையல்கடை வைத்திருக்கும் அக்காள் தங்கை, மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். கண்டக்டர் இருந்தால் அங்கே வேறு சத்தமே தேவையில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று தன் மண் உருண்டையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருப்பார்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை இளையவள் மாடிக்குப் போனாள்.

"அக்கா, மணிக்கட்டு ரொம்ப வலிக்குது. மண்ணு பிசைய ஆள் இல்ல. கொஞ்ச நேரம் வந்து பிசைஞ்சு குடுங்களேன்."

மணிக்கட்டில் ஒரு வலியும் இல்லை. மூத்தவள் அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, தலையை முடிந்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தாள்.  திரும்பிப் பார்த்தால் போய்விடுவாளோ என்று இளையவள் திரும்பாமலே முன்னால் நடந்தாள்.

அஞ்சு வாரம் மூத்தவள் மூலை மேஜையில் நின்று பிசைந்து கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லோருக்கும் விஷயம் தெரியும். கண்டக்டர்கூட அந்த மூலைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆறாவது வாரம் அவள் பிசைந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடிக்கக் காது வைக்காத ஒரு குவளை. அதைச் செய்து முடித்ததும் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அங்கே இங்கே அழுத்திக்கொண்டே இருந்தாள். இளையவள் தூரத்திலிருந்து பார்த்தாள். கிட்டப் போனால் கலைந்துவிடும் என்று போகவில்லை. அன்றைக்குக் கணவனிடம் சொல்லும்போது அவளுக்கு வாயெல்லாம் பல்.

இப்போது சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது, சொன்னால் உங்களுக்கு இளையவள் மேல் கோபம் வரும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், வெயில் இறங்கும் நேரத்தில், அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். பாதி காய்ந்த மண், தோல் மாதிரி இருக்கும், அழுத்தினால் இன்னும் வளையும். கண்டக்டர் குவளை குடிகாரன் மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருக்கும். நர்ஸ் வைத்த காது கோணியிருக்கும். அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்குமா? லேசாக ஒரு தடவல். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு. சாய்ந்ததை நிமிர்த்தி, கோணியதை நேராக்கி, விளிம்பைச் சமன் செய்து வைத்துவிடுவாள். அது பிழை என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பல்செட்டில் மேடு இருந்தால் தேய்ப்பதில்லையா, அப்படித்தான். மறு வாரம் வந்து பார்ப்பவர்கள், "பரவாயில்லையே, நானா இது" என்று பூரித்துப்போவார்கள். அதைப் பார்த்து அவளும் பூரித்துப்போவாள்.

அன்றைக்கு மூத்தவளின் குவளையை எடுத்தாள். தடவிப் பார்த்தால் அவள் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் பள்ளம். பாவம், அக்கா கை நடுங்கியிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டு வருடம் கழித்து முதல்முதலாக ஒன்று செய்திருக்கிறாள், அது நல்லபடியாக வரவேண்டுமே என்று உருகினாள். வெளியே உள்ளங்கையை அணைகொடுத்து, உள்ளேயிருந்து கட்டைவிரலால் ஒவ்வொரு பள்ளமாக வெளியே தள்ளினாள். மற்றவர்களுக்கு அஞ்சு நிமிஷம் என்றால் இதற்கு அரைமணி நேரம். அவ்வளவு அன்பு. அடியில் அக்காவுக்கென்று கொடுத்திருந்த 'ஐந்து' என்ற எண்ணைக் கீறிச் சூளைக்கு எடுத்துவைத்தாள்.

மூன்றாவது மாத முடிவில், செய்ததையெல்லாம் அலமாரியில் அடுக்கி ஊர்க்காரர்களைக் கூப்பிட்டாள். கண்டக்டர் தன் மனைவியை அழைத்து வந்திருந்தார். மூத்தவள் எல்லோருக்கும் முன்னாலேயே இறங்கி வந்துவிட்டாள். நேராக அலமாரிக்குப் போனாள். ஐந்தாம் எண்ணை எடுத்தாள். ஒரு கையில் பிடித்துப் பார்த்தாள், திருப்பினாள், மறு கையில் பிடித்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள்.

"இது என்னோடது இல்ல."

"உங்களோடதுதான்க்கா. அடியில நம்பர் பாருங்க."

"அதுல கொஞ்சம் பள்ளம் இருந்துச்சு."

 நான்தான் சரிசெய்தேன் என்று சொல்ல வந்த இளையவள் மென்று விழுங்கினாள். ஏன் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. மூத்தவள் முகம் அப்படி இருந்தது.

"சூளைல வெச்சா மண்ணு சுருங்கும்க்கா. கொஞ்சம் அப்படி இப்படி மாறிடும்."

"நெருப்பா?"

"ஆமாக்கா."

"நெருப்புன்னா என்ன பண்றது" என்றாள் மூத்தவள். சண்டை போட முடியாத இடத்தில் பேச்சை விடுவது அவளுக்குப் பழகிவிட்டது. குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மண் சூட்டில் சுருங்குவது உண்மைதான். ஆனால் எந்த நெருப்பும் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்பாது. அது இளையவளுக்குத் தெரியாதா? வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே, அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அப்போதுதான் கண்டக்டர் கூட்டத்தின் நடுவிலிருந்து இளையவளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், ஒரு கம்ப்ளெயின்ட்! என் கப்பு ஓரத்துல அடையாளத்துக்கு ஒரு வெட்டு வெச்சிருந்தேன், டிக்கெட்ல ஓட்டை போடற மாதிரி. அது எங்க? வேற யாரோடதையாச்சும் என் தலைல கட்டிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸும் தன் குவளையைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கும்தான் சார். காதை வேணும்னே மேல தூக்கி வெச்சேன். வந்து பார்த்தா ஒழுங்கா உட்கார்ந்திருக்கு."

"நல்லாப் பாருங்க, எல்லாம் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இல்ல? டீச்சர் ராத்திரியோட ராத்திரியா எல்லாத்துக்கும் பல் கட்டி விட்டுட்டாங்க போல!" என்றார் கண்டக்டர்.

மறுபடியும் சிரிப்பு. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத சிரிப்பு. இளையவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலிப் பக்கம் பார்த்தாள். மூத்தவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு குவளை, பதினாலுக்கும் ஒரே மாதிரி விளிம்பு. பிறகு இளையவளின் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான். குவளையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

அன்றும் மறுநாளும் மாடிக் கதவு திறக்கவில்லை. இளையவள் தட்டிப் பார்த்தாள். "தூங்கறேன்" என்று ஒரு சொல் வந்தது. இரண்டு வருடமாகப் படிப்படியாக இறக்கிக் கூட்டிவந்தவளை ஒரே நாளில் மேலே துரத்திவிட்டோமே என்று அவள் பச்சைத்தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தாள். கணவன், "போய் உள்ளதைச் சொல்லேன், கடிச்சா தின்னுடுவாங்க?" என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை முதலில் கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். எங்கேயாவது ஓரிடத்தில் உண்மையைச் சொல்லிப் பழகவேண்டுமே. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். குவளை உள்ளே டிவி மேல் இருந்தது.

"நான்தாங்க சரிபண்ணேன். எல்லாரோடதையும். நல்லா வரட்டுமேன்னுதான் பண்ணேன்."

அவர் சிரித்தார். "அதானே பார்த்தேன், நான் எப்போ இவ்வளவு கெட்டிக்காரன் ஆனேன்னு." சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வீட்டுல அவ அதை யாருக்கும் குடுக்கமாட்டேங்கிறாம்மா. முப்பத்தி ரெண்டு வருஷம் டிக்கெட் கிழிச்ச கைக்கு இப்படி ஒண்ணு வரும்னு நெனக்கலன்னு சொல்றா. இப்போ நான் என்ன சொல்ல? நான் ஒண்ணுமே பண்ணலியா?"

 இளையவள் தலை குனிந்து நின்றாள். அவரே, "ஞாயித்துக்கிழமை வரேன். தொட்டீங்கன்னா பாருங்க" என்றார். அதில் பாதி விளையாட்டு, பாதி விளையாட்டு இல்லை.

வியாழக்கிழமை மதியம் மாடிக் கதவு லேசாகத் திறந்திருந்தது. இளையவள் உள்ளே போனாள். சமையலறைத் தரையில் ஒரு பலகையைப் போட்டு அதன் முன்னால் மூத்தவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பலகையில் ஈர மண்ணில் ஐந்து குவளைகள். ஐந்தும் அங்கங்கே நசுங்கியிருந்தன. கீழிருந்து எப்போது மண் எடுத்துவந்தாள் என்று இளையவளுக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நெருப்பு இல்ல. நான்தான்."

"தெரியும்."

"எல்லாரோடதையும் அப்படித்தான்..."

"எல்லாரையும் பத்தி எனக்கு எதுக்கு?"

மூத்தவள் சத்தமாகப் பேசவில்லை. அவளுக்குச் சத்தம் போடத் தெரியாது. கையில் இருந்த மண்ணை விரலால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"அவன் கப்பைத் தூக்கிப் போட்ட. எனக்காகத்தான் போட்டன்னு எனக்குத் தெரியாதா? அதான் கேக்கல. அவன் படுத்த தலகாணிகூட இல்ல இந்த வீட்டுல. சரி, அவன் கப்பைப் பிடிக்கிற பிடி என் கண்ணுக்குள்ள இருக்கே, அதை யாரு எடுக்க முடியும்னு இருந்தேன். அன்னைக்கு மண்ணை வெச்சுட்டுக் கண்ணை மூடினேன். அவனுக்கு டீ நீட்டற மாதிரி நெனச்சுக்கிட்டேன். அவன் விரல் எங்கெங்க வரும்னு தானா வந்துச்சு. நான் யோசிக்கவே இல்ல. அவன் கையைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு." விரலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். "அதையும் தொடச்சுட்ட."

 இளையவள் ஒவ்வொரு பள்ளமாக, உருகி உருகி, அரைமணி நேரம் உட்கார்ந்து தள்ளினாளே, அது அவன் கை. தன் பையை வீசிவிட்டு, "சித்தி, பசிக்குது" என்று நின்றவனின் கை. அதை இன்னொரு முறையும் தானே வழித்து எறிந்திருக்கிறாள். தன் கையை வெட்டிப் போட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிச்சு என்ன? அஞ்சு கப்பு பண்ணிப் பார்த்துட்டேன். வர மாட்டேங்குது. இதுல இருக்கிறதெல்லாம் என் கை. அவன் கை இல்ல." மூத்தவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்தது. இரண்டு வருடத்தில் அந்த முகத்தில் வந்த முதல் கோபம். "பள்ளம்னு தெரிஞ்சுதானே தடவின? எங்க பள்ளம்னு உன் விரலுக்குத் தெரியாதா?"

குத்துவதற்காகக் கேட்ட கேள்விதான் அது. ஆனால் இளையவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் அனுப்பிய பல்செட்டைப் பற்றி டாக்டர் போனில் கேட்டால், கண்ணை மூடிக் கட்டைவிரலைக் காற்றில் ஒருமுறை நகர்த்திவிட்டு, "கீழ் வரிசை, இடதுபக்கம், மூணாவது பல்லுக்கு உள்பக்கம் தேய்ச்சேன்" என்று சொல்பவள் அவள். ஒருமுறைகூடத் தப்பானதில்லை.

"தெரியும்க்கா" என்றாள்.  ஆனால் இது பல்செட் இல்லை. உத்தேசமாக ஒன்றைச் சொல்லி, அதை அக்கா அவன் விரல் என்று நம்பிவிட்டால்? அதைவிடப் பாவம் வேறு இல்லை. "நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் சொல்வேன். இல்லன்னா தெரியலன்னு சொல்லிடுவேன். சரியா?"

 மூத்தவள் புதிதாக ஒரு பிடி மண் எடுத்தாள். அதே உயரம், அதே அகலம். கால்மணி நேரத்தில் குவளை எழுந்தது. அதை இளையவள் முன்னால் தள்ளி வைத்தாள்.

இளையவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அன்றைக்கு வைத்த மாதிரியே கட்டைவிரலை உள்ளே விட்டாள், அழுத்தவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் நகர்த்தினாள். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"இங்க ஒண்ணு. ஒரு நகம் ஆழம் இருந்துச்சு."

மூத்தவள் வெளியிலிருந்து அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம். போதும். அதுக்குக் கீழ, கொஞ்சம் பின்னால தள்ளி இன்னொண்ணு. இது நீளமா இருந்துச்சு."

அதையும் அழுத்தினாள்.

"மூணாவது..." கட்டைவிரல் அங்கேயே மேலும் கீழும் போனது. "மூணாவது தெரியலக்கா. அப்போ நான் கை மாத்தினேன். சொல்லமாட்டேன்."

மூத்தவள் அவளையே பார்த்தாள். எதையும் அரைகுறையாக விட்டுவைக்காதவள், தெரியாது என்று கையை வெளியே எடுத்துக்கொண்டாளே! பிறகு குவளையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு பள்ளத்திலும் விரலைக் கொடுத்துப் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது விரல் தானாக ஓரிடத்தில் போய் உட்கார்ந்தது. அழுத்தினாள். எதிர்ப்பக்கம் கட்டைவிரலும் தானாகவே உட்கார்ந்தது. 

"அவ்வளவுதான்" என்றாள் மூத்தவள் மெதுவாக.

"இல்லக்கா. அடியிலயும் ஒண்ணு இருந்துச்சே."

"அடியிலயா?"

"ஆமா, கீழ் விளிம்புல. இந்தா, இங்க. பலகைலேருந்து எடுக்கும்போது நசுங்கிடுச்சுன்னு நெனச்சேன். உள்ளேருந்து தள்ள முடியல, அதனால மண்ணு வெச்சு அடைச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு."

 அங்கே என்ன இருக்க முடியும் என்று மூத்தவளுக்குப் புரியவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. குவளையைத் தூக்கினாள். மூன்று விரலும் அதனதன் இடத்தில் இருந்தன. மிச்சம் இருந்த சுண்டுவிரல் மெல்ல மடங்கி, குவளைக்கு அடியில் போய், இளையவள் காட்டிய இடத்தில் முட்டுக்கொடுத்து நின்றது.

"ஐயோ" என்றாள்.

"என்னக்கா?"

"சுண்டுவிரலு. அடியில குடுத்துப் பிடிப்பான்." அவள் குரல் உடைந்து எங்கோ போனது. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். அப்போ மூணு வயசு. கீழ போட்டு உடைச்சுடுவான்னு, சுண்டுவிரலைக் கீழ குடுத்துப் பிடிடா ராஜான்னு. கடைசி வரைக்கும் அப்படியே பிடிச்சான். மறந்துட்டேன்டி. நானே மறந்துட்டேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாதவள், வெறும் அறையைப் பார்த்து அழாதவள், இரண்டு வருடம் சேர்த்து அழுதாள். அழுதுகொண்டே பிடித்ததில் ஈர மண் தாங்கவில்லை. குவளை ஒருபக்கமாகச் சாய்ந்தது, அடிவிளிம்பில் ஒரு விரிசல் ஓடியது. இளையவளின் கை தானாக நீண்டது. பாதியில் பார்த்துவிட்டாள். இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மூத்தவள் குவளையைப் பலகையில் இறக்கிவைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ரொம்பக் கோணலா இருக்கில்ல?"

"ஆமாக்கா, ரொம்பக் கோணல்" என்று சொல்லிவிட்டு இளையவளும் அழுதாள்.